சேமித்த ஆட்டம் யாரிடம் இருக்க வேண்டும்? மூன்று ஏற்பாடுகளின் ஒப்பீடு

அரக்கர்களை வேட்டையாடிப் பொருள் சேர்த்து வீரனை வளர்க்கும் டயாப்லோ வகைக் கணினி ஆட்டம் ஒன்றை வாங்க நினைப்பவர் விலையைப் பார்க்கிறார், காணொளியைப் பார்க்கிறார், தன் கணினி அதைத் தாங்குமா என்று பார்க்கிறார். இவற்றுக்கெல்லாம் முன்னால் அவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நூறு மணி நேரம் செலவிட்டு வளர்க்கப்போகும் வீரனும், அவன் கையில் இருக்கும் வாளும், பெட்டியில் அடுக்கி வைத்திருக்கும் ரத்தினக் கற்களும் எங்கே எழுதி வைக்கப்படுகின்றன? நிறுவனத்தின் சர்வரில் மட்டுமா, நம்முடைய ஹார்ட் டிஸ்கில் மட்டுமா, அல்லது இரண்டு இடங்களிலும் ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனியாகவா? ஏமாற்று வேலை, கணக்குத் திருட்டு, இணைப்பு இல்லாவிட்டால் விளையாடவே முடியாத நிலை என்று மூன்று புகார்களாக நாம் பேசுபவை இந்த ஒரே கேள்வியின் விடையிலிருந்துதான் கிளைக்கின்றன. ஒன்றைச் சரிசெய்யப் போனால் மற்றொன்று ஏன் கெடுகிறது என்பதும் அங்கிருந்து பார்த்தால்தான் விளங்கும்.

சர்வரில் வைக்கும் வழக்கம் ஏன் வந்தது என்பதை முதலில் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். 1997-இன் தொடக்கத்தில் கடைகளில் பரவலாகக் கிடைத்த முதல் டயாப்லோவில், வீரனின் விவரம் விளையாடுபவரின் கணினியிலேயே ஒரு கோப்பாக இருந்தது. பேட்டில்.நெட் என்ற இணையச் சேவை வழியாக நால்வர் கூடி விளையாடும்போதும் அந்தக் கோப்பு சொல்வதை மற்ற கணினிகள் அப்படியே நம்பின. கோப்பைத் திருத்தத் தெரிந்தவர் ஒரே இரவில் உச்ச நிலைக்குப் போனார். ‘ட்ரெய்னர்’ என்று அழைக்கப்பட்ட சிறு நிரல்களை வைத்திருந்தவர், சண்டைக்கே இடமில்லாத ஊர் எல்லைக்குள் நின்றபடி அடுத்தவரைக் கொன்றார். முன்பின் தெரியாதவருடன் விளையாடுவது பொறுக்க முடியாத தொல்லையாக இருந்தது. அதற்கு மருந்தாகத்தான் 2000-இல் வந்த டயாப்லோ 2 இணைய ஆட்டத்தை இரண்டாகப் பிரித்தது. திறந்த அரங்கில் நம் கணினியில் இருக்கும் வீரனையே கொண்டு போகலாம். அங்கே யாரும் யாரையும் நம்புவதில்லை. மூடிய அரங்கில் வீரன் பிறப்பதும் வளர்வதும் ஆட்டத்தை வெளியிட்ட பிளிசார்ட் நிறுவனத்தின் சர்வரில். இரண்டுக்கும் வெளியே, இணையமே இல்லாமல் தனியாக விளையாடும் வழியும் இருந்தது.

அந்த மூடிய அரங்கிலும் பொய்ப் பொருள் புகாமல் இல்லை. ‘ஸ்டோன் ஆஃப் ஜோர்டன்’ என்ற மோதிரம் விளையாடுபவர்களிடையே நாணயம்போலப் புழங்கியது. சர்வர் நிரலில் இருந்த ஓட்டைகளைக் கண்டுபிடித்தவர்கள் அதை நகலெடுத்து நகலெடுத்துக் குவித்தார்கள். 2003-இல் வந்த 1.10 பேட்ச் (ஆட்டத்துக்கான திருத்தப் பதிப்பு), அந்த மோதிரங்களை ஆட்டத்துக்குள் இருக்கும் வணிகர்களிடம் விற்றுத் தொலைத்தால் ஆட்டத்தின் தலைமை அரக்கனான டயாப்லோ மிகப் பலம் கொண்ட உருவில் தோன்றுவான் என்று வைத்ததால், குவிந்து கிடந்த நகல்கள் ஓரளவு கரைந்தன. பூட்டு நிறுவனத்தின் கையில் இருக்கிறது என்பதாலேயே அது திறக்க முடியாத பூட்டாகிவிடாது என்பதற்கு அந்த மோதிரம் நல்ல சாட்சி.

முதல் இரண்டு ஏற்பாடுகளையும் எடைபோட டயாப்லோ 3-ஐப் போன்ற உரைகல் வேறு கிடையாது. ஏனென்றால் ஒரே ஆட்டம் இரண்டு விதமாக விற்கப்பட்டது. 2012 மே 15 அன்று கணினிக்கு வந்த பதிப்பில், தனியாக விளையாடுபவரும் சர்வரோடு இணைந்தே இருக்க வேண்டும். எந்த அரக்கன் எங்கே நிற்பான், செத்தால் எதைக் கீழே போடுவான் என்பதையெல்லாம் சர்வரே முடிவு செய்தது. நம் கணினியில் இருந்தது படம் காட்டும் பகுதி மட்டுமே என்று சொன்னால் பெரிய தவறில்லை. முதல் 24 மணி நேரத்தில் 35 லட்சம் பிரதிகள் விற்றன. அன்று வாங்கியவர்களில் ஏராளமானோர் பார்த்தது ஆட்டத்தை அல்ல, ‘பிழை 37’ என்ற அறிவிப்பை; சர்வர்கள் நெரிசலில் இருக்கின்றன, பிறகு முயலுங்கள் என்பது அதன் பொருள். தென்கொரியாவில் பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களின் புகார்கள் பெருகி, அந்நாட்டின் நியாய வணிக ஆணையம் அந்த மாத இறுதியில் நிறுவனத்தின் அலுவலகத்திலேயே சோதனை நடத்தியது.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் ஏமாற்றுக்காரர்களைத் தடுப்பது மட்டும் அல்ல. ஆட்டத்துக்குள் கிடைத்த பொருளை உண்மைப் பணத்துக்கு விற்கும் ஏலச்சந்தை ஒன்றை நிறுவனம் ஆட்டத்துக்குள்ளேயே அமைத்திருந்தது. பொருளுக்கு உண்மைப் பணம் விலையாகிவிட்டால் அதன் நகல் கள்ள நோட்டுக்குச் சமம். கள்ள நோட்டைத் தடுக்க அச்சகத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டே ஆக வேண்டும். ஆனால் 2013 மே மாதம் வந்த 1.0.8 பேட்ச், சந்தையில் விற்கக்கூடிய தங்கக் குவியலின் அளவை 10 லட்சத்திலிருந்து 1 கோடியாக உயர்த்தியபோது, விற்பனையை ரத்து செய்தால் போட்டதைவிட அதிகத் தங்கம் திரும்பி வரும் ஓட்டை ஒன்று திறந்துகொண்டது. சந்தையை உடனே மூட வேண்டியதாயிற்று. கணக்குகளை ஒவ்வொன்றாகத் தணிக்கை செய்து தங்கத்தைத் திரும்பப் பறித்தார்கள். 2014 மார்ச் 18 அன்று அந்தச் சந்தையே நிரந்தரமாக இழுத்து மூடப்பட்டது. சந்தை போன பிறகும் கணினிப் பதிப்பில் இணையக் கட்டாயம் அப்படியே நின்றுவிட்டது என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத குறை.

இனி மறு பதிப்பைப் பாருங்கள். 2013 செப்டம்பரில் அதே ஆட்டம் தொலைக்காட்சியோடு இணைக்கும் ஆட்டப் பெட்டிகளான பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 ஆகியவற்றுக்கு வந்தது. ஏலச்சந்தை இல்லை. இணையம் தேவையில்லை. ஒரே தொலைக்காட்சிக்கு முன் நான்கு பேர் உட்கார்ந்து விளையாடலாம். வீரர்களின் விவரம் வீட்டுப் பெட்டியிலேயே இருந்தது. விளைவு எதிர்பார்த்ததுதான். கோப்பைத் திருத்தி உருவாக்கிய, ஆட்டத்தின் கணக்கிலேயே அடங்காத எண்களைக் கொண்ட வாள்களும் மோதிரங்களும் இணைய ஆட்டங்களில் நிறைந்தன. அறிமுகமில்லாத ஒருவர் உள்ளே வந்து அப்படி ஒரு வாளைக் காலடியில் போட்டுவிட்டுப் போனால், அதை எடுத்தவருக்கு அதற்குமேல் விளையாட ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஆனால் அண்ணனும் தங்கையும் சோபாவில் உட்கார்ந்து விளையாடிய வீட்டில் அந்தப் பொய் வாள் ஒரு நாளும் நுழையவில்லை. பிழை 37-உம் நுழையவில்லை. ஏமாற்று வேலை அந்நியருடன் கூடும் இடத்தில் மட்டுமே நோய். தனியாகவோ தெரிந்தவருடனோ விளையாடுபவருக்கு அந்த நோயே இல்லை, மருந்தின் கசப்பு மட்டும் எதற்கு என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது.

சர்வர் எந்த ஏமாற்றைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கோப்பைத் திருத்துவதையும் பொருளை நகலெடுப்பதையும் அது பெரும்பாலும் தடுக்கும். இரவெல்லாம் ஆளில்லாமல் வேட்டையாடும் ‘பாட்’ நிரல்களையோ, நினைவகத்தைப் படித்து வரைபடம் முழுவதையும் திரையில் விரிக்கும் நிரல்களையோ அதனால் தடுக்க முடியாது. டயாப்லோ 3-இன் கணினிப் பதிப்பில் இவ்விரண்டும் தாராளமாக இருந்தன. துப்பாக்கி ஆட்டங்களில் குறிவைத்துத் தரும் நிரல்கள் இன்னொரு ரகம்; அவற்றுக்காகத்தான் வாலரண்ட் ஆட்டம் 2020 முதல் கணினி இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் வரை இறங்கும் காவல் நிரலைக் கேட்கிறது. அது தனிக் கட்டுரைக்கு உரியது.

பேசப்படாமல் போவது கணக்குப் பாதுகாப்பு. வீரன் என் ஹார்ட் டிஸ்கில் இருந்தால் அவனைத் திருட ஒருவர் என் கணினிக்குள் நுழைய வேண்டும். அப்படி நுழைந்தவர் வாளை எடுப்பாரா, வங்கி விவரத்தை எடுப்பாரா? வீரன் சர்வரில் இருந்தாலோ, உலகின் எந்த மூலையிலிருந்தும் மின்னஞ்சல் முகவரியையும் கடவுச்சொல்லையும் தட்டினால் போதும், என் நூறு மணி நேர உழைப்பு அவர் கையில். என் சித்தி மகன் ஒருநாள் காலையில் தொலைபேசியில் அழைத்து, “அண்ணே, என் ஆளு வெறும் உடம்போட நிக்கிறான்” என்றான். போய்ப் பார்த்தேன். தலைக்கவசம், மார்புக் கவசம், இரண்டு மோதிரங்கள், வாள் என ஒவ்வொரு கட்டமும் காலியாக இருந்தது. பெட்டியில் விற்றாலும் காசு பெறாத இரண்டு மருந்துக் குப்பிகளை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். வேறொரு தளத்தில், பல ஆண்டுகளுக்கு முன், அதே மின்னஞ்சலோடு அதே கடவுச்சொல்லை அவன் பயன்படுத்தியிருந்தான். அந்தத் தளத்திலிருந்து கசிந்த பட்டியலை யாரோ ஓர் ஆட்டச் சர்வரில் வரிசையாகப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்; பெரும்பாலான திருட்டுகள் இப்படித்தான் நடக்கின்றன.

இதன் பரிமாணத்தை வால்வ் நிறுவனம் 2015 டிசம்பரில் வெளிப்படையாகச் சொன்னது: தன் இணைய ஆட்டக் கடையான ஸ்டீமில் மாதந்தோறும் ஏறக்குறைய 77,000 கணக்குகள் பறிக்கப்பட்டுக் கொள்ளையடிக்கப்படுகின்றன என்று. கைப்பேசிச் சரிபார்ப்பான் (உள்நுழையத் தேவையான மாறும் எண்ணைக் காட்டும் செயலி) இல்லாதவர் கொடுக்கும் பொருள் உடனே கைமாறாமல் சில நாள் நிறுத்தி வைக்கப்படும் என்ற விதி அதையொட்டியே வந்தது. தொல்லையான விதிதான், ஆனால் திருடனுக்குத் தேவைப்படுவது வேகம், அதைப் பறித்தது அந்த விதி.

ஆகவே சர்வர் ஏற்பாட்டைத் தேர்ந்தெடுப்பவர், கடவுச்சொல்லுக்கு மேல் இன்னோர் எண்ணையும் கேட்கும் இரண்டாம் பூட்டையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறார். அதில் எது நல்லது? எஸ்எம்எஸ்ஸில் வரும் எண் ஒன்றுமில்லாததைவிட மேல். ஆனால் சிம் அட்டையை ஏமாற்றி மாற்றிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள், வெளியூரில் சிக்னல் கிடைக்காமல் நாமே வெளியே நிற்கும் நாள்களும் உண்டு. கைப்பேசிச் செயலியில் 30 நொடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண்ணுக்கு சிக்னலே வேண்டியதில்லை. சர்வரும் செயலியும் ஒரே ரகசியத்தையும் நேரத்தையும் வைத்துத் தனித்தனியே அதே எண்ணைக் கணக்கிடுகின்றன. இவற்றுக்கு முன்பே, 2008-இல், பிளிசார்ட் சாவிக்கொத்தில் மாட்டும் சிறு எண்காட்டி ஒன்றை விற்றது. என் பரிந்துரை செயலிதான். அதை நிறுவும் அன்றே மீட்பு எண்களைத் தாளில் எழுதி, சான்றிதழ்கள் வைக்கும் கோப்புறைக்குள் வைத்துவிட வேண்டும். கைப்பேசி தொலைந்த பிறகு அவற்றைத் தேடுவதில் பயனில்லை. ஆட்டத்தைவிட மின்னஞ்சலுக்கு முதலில் இந்தப் பூட்டைப் போட வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாச் சாவிகளும் அந்த மின்னஞ்சலுக்குத்தான் வருகின்றன.

நாம் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் மறுமுனையில் ஓட்டை விழலாம். 2012 ஆகஸ்டில் பிளிசார்டின் உள் வலையமைப்புக்குள்ளேயே யாரோ நுழைந்து மின்னஞ்சல் முகவரிகளையும், ரகசியக் கேள்விகளின் விடைகளையும், குறியாக்கம் செய்யப்பட்ட கடவுச்சொற்களையும், கைப்பேசிச் சரிபார்ப்பான் தொடர்பான தகவல்களையும் அள்ளிச் சென்றதை நிறுவனமே அறிவித்தது. 2024 டிசம்பரில் முன்னோட்டமாக வெளிவந்த, இதே வகை ஆட்டமான பாத் ஆஃப் எக்ஸைல் 2-இல் நடந்தது இன்னும் கவலை தருவது. நிர்வாக அதிகாரம் கொண்ட ஒரு கணக்கு, எப்போதோ உருவாக்கி மறந்துபோன ஒரு ஸ்டீம் கணக்கோடு இணைந்திருந்தது. அதைக் கைப்பற்றியவர் விளையாடுபவர்களின் கடவுச்சொற்களை மாற்றி உள்ளே நுழைந்தார். 66 கணக்குகள் பாதிக்கப்பட்டதாகத் தயாரிப்பாளர்களே ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார்கள். கொள்ளை போனவர்கள் தங்கள் பக்கம் செய்த தவறு ஒன்றுமில்லை.

இணையக் கட்டாயத்தின் விலையைச் சொல்ல என் அனுபவம் ஒன்று போதும். 2012-இல் தமிழ்நாட்டில், சென்னைக்கு வெளியே, மின்சாரம் மணிக்கணக்கில் போய்க்கொண்டிருந்த காலம். மடிக்கணினியில் பேட்டரி இருக்கும். மோடத்தின் பச்சை விளக்கு மட்டும் அணைந்துவிடும். அப்படி ஓர் இரவில், இறந்தால் திரும்பி வராத வகையைச் சேர்ந்த ஒரு வீரனோடு விளையாடிக்கொண்டிருந்தேன். மின்விசிறி நின்றது. திரையில் என் வீரன் ஓடிக்கொண்டே இருந்தான், ஆனால் அரக்கர்கள் அசையவில்லை. அடித்த அடி எதன்மேலும் படவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது என் கணினியின் கற்பனை. உண்மையான சண்டை எங்கோ ஒரு சர்வரில் நடந்துகொண்டிருந்தது, அங்கே என் வீரன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மின்சாரம் வந்து உள்ளே போனபோது அவன் பெயர் இறந்தோர் பட்டியலில் இருந்தது. அன்று நான் அந்நியர் எவருடனும் விளையாடவில்லை. யாருக்கும் எதையும் விற்கவில்லை.

மின்வெட்டு குறைந்துவிட்டது, சர்வரை நிறுத்துவது குறையவில்லை. 2014-இல் வந்த தி க்ரூ என்ற கார் ஓட்டும் ஆட்டத்தின் சர்வர்களை யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியது. அமெரிக்கா முழுவதும் தனியாக வண்டி ஓட்டிச் செல்லக்கூடிய அந்த ஆட்டம், குறுந்தகடு கையில் இருப்பவருக்கும் அன்றோடு முடிந்தது. விற்ற ஆட்டங்களை நிறுவனங்கள் இப்படி முடக்கக் கூடாது என்று கோரும் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கம் அதிலிருந்துதான் பிறந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதன் மனு 2025-இல் 10 லட்சம் கையொப்பங்களைத் தாண்டியது. இணையம் இல்லாமல் இயங்கவே இயலாது என்று நிறுவனம் சொல்லும்போது நகரம் கட்டும் ஆட்டமான சிம்சிட்டியையும் நினைவில் கொள்ள வேண்டும். 2013 மார்ச்சில் வந்த அந்த ஆட்டத்தின் கணக்கீடுகள் சர்வரைச் சார்ந்தவை என்று சொன்னார்கள். ஓராண்டில், 2014 மார்ச்சில், இணையமின்றி இயங்கும் வசதியை அவர்களே பேட்சாகக் கொடுத்தார்கள்.

இரண்டாம் ஏற்பாட்டுக்கு டார்ச்லைட் 2 நல்ல எடுத்துக்காட்டு. டயாப்லோவை முதலில் உருவாக்கியவர்களில் சிலர் சியாட்டிலில் ரூனிக் கேம்ஸ் என்ற பெயரில் செய்து, டயாப்லோ 3 வந்த அதே 2012-இன் செப்டம்பரில் 20 டாலருக்கு வெளியிட்ட ஆட்டம் அது. கோப்பு நம்மிடம், வீட்டுக் கணினிகளை நேரடியாக இணைத்து விளையாடும் லேன் வசதி உண்டு, ஆட்டத்தை நாமே மாற்றியமைக்கும் மோட் வசதி உண்டு. முன்பின் தெரியாதவரோடு பண்டமாற்று செய்வது வீண், ஏனென்றால் எதிரில் இருப்பவரின் பொருள் உண்மையா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் 2017-இல் ரூனிக் கேம்ஸ் மூடப்பட்ட பிறகும் வாங்கியவர் கணினியில் அந்த ஆட்டம் ஓடுகிறது. செய்தவர் கடையைக் கட்டிய பின்னும் பொருள் வேலை செய்ய வேண்டும் என்பது ஒரு மிக்சி வாங்குபவருக்கு இயல்பான எதிர்பார்ப்பு. ஆட்டம் வாங்குபவருக்கும் அது இயல்பாக இருக்க வேண்டும்.

மூன்றாம் ஏற்பாடு, 2000-இல் கையில் இருந்து 2012-இல் கைவிடப்பட்ட பழைய வழிதான். 2021 செப்டம்பரில் புதுப்பிக்கப்பட்டு வந்த டயாப்லோ 2 அதையே பின்பற்றியது: இணைய வீரர்கள் வேறு, வீட்டு வீரர்கள் வேறு. அடுத்த மாதம், பழைய நிரலின் சுமையால் சர்வர்கள் திரும்பத் திரும்ப விழுந்தபோது, வீட்டு வீரனை வைத்திருந்தவர்களுக்கு ஆட்டம் நிற்கவில்லை. ஆனால் நண்பரின் கணினியோடு நேரடியாக இணையும் டிசிபி/ஐபி வசதியைப் பாதுகாப்புக் காரணம் காட்டி நீக்கிவிட்டார்கள், இழப்பு இழப்புதான். 2024 பிப்ரவரி 21 அன்று முழுமையாக வெளிவந்த, இதே வகை ஆட்டமான லாஸ்ட் எப்பாக் இன்னும் தெளிவான சான்று. முதல் சில நாள்கள் அதன் சர்வர்கள் கூட்டத்தைத் தாங்கவில்லை. 12 ஆண்டுகளுக்கு முன் பிழை 37-ஐப் பார்த்துக்கொண்டிருந்தவர்களைப்போல் இந்த முறை எல்லோரும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. இணையமில்லாத வழியைத் தேர்ந்தவர்கள் அன்று மாலையே விளையாடினார்கள்.

இந்த ஏற்பாட்டுக்கும் விலை உண்டு. வீட்டில் வளர்த்தவனை இணையத்துக்குக் கொண்டுபோக முடியாது. பின்னால் நண்பர்கள் சேர்ந்தால் புதியவனை முதலிலிருந்து வளர்க்க வேண்டும். தயாரிப்பாளருக்குச் செலவும் கூடும். சர்வரில் ஒளிந்திருக்க வேண்டிய நிரலை நம் கணினிக்கு அனுப்பினால், ஏமாற்று நிரல் எழுதுபவர் அதைப் பிரித்துப் படித்து ஓட்டை தேடுவார் என்ற அவர்களின் அச்சமும் உண்மையானதே. இருந்தும் இரு பிரிவுகளும் கலக்காதவரை, வீட்டில் திருத்திய வாள் இணையச் சந்தைக்கு வந்து சேர வழியில்லை.

பருவந்தோறும் தரவரிசையில் போட்டியிடுபவரும், அந்நியரோடு பண்டமாற்று செய்வதையே ஆட்டத்தின் உயிராகக் கருதுபவரும் சர்வர் ஏற்பாட்டை எடுத்துக்கொள்ளலாம். அவர்களுக்கு வேறு வழி பயன்படாது. சரிபார்ப்பான் செயலி இல்லாத ஆட்டத்தில் மட்டும் அவர்கள் பணத்தையோ நூற்றுக்கணக்கான மணி நேரத்தையோ போடக் கூடாது. வீட்டுப் பிள்ளைகளோடு, கல்லூரி நண்பர்களோடு மட்டும் விளையாடுபவருக்கு இரண்டாவது போதும், விலையும் குறைவு. மற்ற எல்லோருக்கும், அதாவது பெரும்பாலும் தனியாகவும் எப்போதாவது கூட்டத்தோடும் விளையாடும் நம்மில் பெரும்பான்மையினருக்கு, மூன்றாவதே ஏற்றது. இரண்டு ஆட்டங்கள் மற்றபடி சமமாக இருந்தால், சற்று விலை கூடினாலும், நான் மூன்றாவது ஏற்பாடு உள்ளதையே வாங்குவேன்.

வாங்கும் முன் கடைப் பக்கத்தில் தேவைகளைச் சொல்லும் பகுதியைக் கடைசி வரி வரை படியுங்கள். இணைய இணைப்பு கட்டாயம் என்பதும் வேறொரு நிறுவனத்தின் கணக்கு தேவை என்பதும் அங்கேதான் சிறிய எழுத்தில் இருக்கும். ஸ்டீமில் வாங்கினால், 14 நாள்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். அந்த இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு முறை, சண்டையின் நடுவில், மோடத்தின் கம்பியைப் பிடுங்கிவிட்டு என்ன நடக்கிறது என்று பாருங்கள்.